முள் இறங்கினால் சூடு இறங்கியதா?

(தவக்காலம் நான்காம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தி உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். லூக்கா 15ஆம் அதிகாரம். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். வீட்டில் விருந்து நடக்கிறது. மூத்தவன் வாசலிலேயே நின்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இதை நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னால், நீங்கள் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். அதனால் இன்று வேறொரு வீடு திரும்புதலைச் சொல்கிறேன். திரும்பி வந்தது ஒரு கார். தவக்காலத்தில் சாமியார் கார் கதை பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். சேலம், நாமக்கல் பக்கத்தில் வண்டியைப் பற்றிப் பேசாமல் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் கடினம். நம் வீடுகளில் பாதிக்குச் சோறு போட்டது லாரிதான்.

கான்டெஸா என்ற பெயர் உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அம்பாசிடர் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், 1984இல் சந்தைக்குக் கொண்டுவந்த கார் அது. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் நிறுவனம் செய்து நிறுத்திவிட்ட ஒரு மாடலின் அச்சுகளை வாங்கி வந்து, மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் இருந்த தொழிற்சாலையில் செய்தார்கள். நீண்ட மூக்கு, அகன்ற தோள், தாழ்ந்த உட்காரும் இடம். அந்தக் காலத்துத் திரைப்படங்களில் பெரிய மனிதர் வந்து இறங்குகிறார் என்றால் பெரும்பாலும் இதிலிருந்துதான் இறங்குவார். இன்றைக்கு இளைஞர்கள் இதை இந்தியாவின் மசில் கார் என்று செல்லமாக அழைக்கிறார்கள். பயில்வான் கார்!

இந்தப் பயில்வான் பட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்த வண்டிகளில் ஒன்று 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அதன் இன்ஜின் சுமார் 6,400 சி.சி. நம் கான்டெஸா முதலில் வந்தபோது அதற்குள் இருந்ததோ அம்பாசிடரின் பழைய இன்ஜின், 1,489 சி.சி. அந்தப் பெரிய உடம்பை இழுக்க சுமார் 50 குதிரைத்திறன்தான். தோற்றம் பயில்வான், மூச்சு நம்மைப் போன்ற சாதாரண ஆளின் மூச்சு. பிறகு ஜப்பானின் இசுசு நிறுவனத்தோடு சேர்ந்து 1.8 லிட்டர் இன்ஜினை வைத்து, கான்டெஸா கிளாசிக் என்று விற்றார்கள். அதற்கு 88 குதிரைத்திறன். அதுதான் நெஞ்சுரம் உள்ள வண்டி. ஆனால் காலம் மாறியது, புதுக் கம்பெனிகள் வந்தன. 2002இல் கான்டெஸாவை நிறுத்தினார்கள். 2014இல் அம்பாசிடரும் நின்றுபோனது.

நம் மேட்டூர்ப் பக்கத்தில் ஒருவர் வீட்டில் இப்படி ஒரு கான்டெஸா இருக்கிறது. பழைய மாடல், அம்பாசிடர் இன்ஜின் போட்டது. அவருடைய அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றபோது, வந்த பணத்தில் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. அப்பா இறந்த பிறகும் மகன் அதை விற்கவில்லை. ஞாயிறு பூசைக்கு அதில்தான் வருவார். கோயில் முன்னால் அது வந்து நின்றால் பிள்ளைகள் சுற்றி நின்று தடவிப் பார்ப்பார்கள். அவர் அனுமதி கொடுத்ததால்தான் இதைச் சொல்கிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

சென்ற கோடையில் தர்மபுரியில் ஒரு திருமணம். குடும்பத்தோடு கிளம்பினார். மேச்சேரி தாண்டி, தொப்பூரில் நெடுஞ்சாலையைப் பிடித்து, கணவாய் ஏற ஆரம்பித்தார். முன்னால் சரக்கு லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது கியரிலேயே போக வேண்டியிருந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. சூடு காட்டும் முள் மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஓரம் கட்டலாமா என்று நினைத்தார். வண்டியில் முறைப்பெட்டி இருக்கிறது, முகூர்த்தத்துக்கு நேரம் ஆகிறது. இன்னும் கொஞ்சம் என்று மிதித்தார். அப்போது முள் சட்டென்று கீழே இறங்கியது. மனைவியிடம், பார்த்தாயா, காற்று பட்டதும் ஆறிவிட்டது என்று சொன்னாராம். ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்காது. உள்ளே கல்லை அரைப்பது போல ஒரு சத்தம். பிறகு ஒரு குலுக்கல். அதோடு இன்ஜின் சிக்கிக்கொண்டது. இழுவை வண்டி வைத்துத்தான் கீழே கொண்டுவந்தார்கள்.

அந்த முள் ஏன் இறங்கியது? சங்ககிரியில் லாரி இன்ஜின் வேலையில் தலை நரைத்த ஒரு பாய் இருக்கிறார். வண்டி அவரிடம்தான் போனது. அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே சொல்கிறேன். "தம்பி, அந்த முள்ளு சூட்டைக் காட்டாது. தண்ணியோட சூட்டைத்தான் காட்டும். இன்ஜினுக்குள்ள ஒரு குமிழ் தண்ணியில நனைஞ்சுக்கிட்டே இருக்கும். தண்ணி கொதிச்சு வெளிய போயிடுச்சுன்னா குமிழ் காய்ஞ்சுபோயிடும். அதைத் தொட ஒண்ணும் இல்ல. முள்ளு எறங்கிடும். முள்ளு ஏறுறப்ப பயந்தீங்க பாருங்க, அப்ப இன்ஜின் உயிரோட இருந்துச்சு. முள்ளு எறங்குனப்பதான் அது சாக ஆரம்பிச்சுது."

நேயர்களே, எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி ஒரு வார்த்தை சொல்வார்கள்: சாமி, முன்னெல்லாம் மனசு உறுத்தும், இப்போது உறுத்துவதே இல்லை, நிம்மதியாக இருக்கிறேன். சிலருக்கு அது உண்மையான நிம்மதி. சிலருக்கோ அந்தக் குமிழைத் தொட உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

மேட்டூர்க்காரர்களுக்கு அளவு பார்ப்பது புதிதல்ல. 1934இல் அணை கட்டி முடித்த நாள் முதல் 120 அடி என்பதே நமக்கு நிறைகுடத்தின் அளவு. இன்று எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான் காவிரிக் கரை முழுவதும் காலைக் காப்பி குடிக்கும். நீர் வெகுவாக இறங்கிப்போகும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் வெளியே வரும். ஊரே பரிசல் பிடித்துப் பார்க்கப் போகும். அங்கே நம் முன்னோர் செபித்த இடம் கிடக்கிறது என்று பெரியவர்கள் கண் கலங்குவார்கள். அணைக்கு அப்படி ஒரு பாக்கியம். நீர் குறைந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். இன்ஜினுக்கு அது இல்லை. அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஆனால் திறக்க யாருக்கு மனம் வரும்? வண்டி படுத்த வாரத்தில் வீட்டுக்கு வந்து யோசனை சொன்னவர்கள் ஏராளம். காயலான் கடையில் போட்டுவிடு, இரும்பு விலைக்குப் போகும் என்றார் ஒரு மைத்துனர். இன்னொருவர், இந்த ஓட்டை இன்ஜின் எதற்கு, அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு நல்ல ஜப்பான் டீசல் இன்ஜினை இறக்கிவிடலாம், பறக்கும் என்றார். பலர் அப்படிச் செய்கிறார்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் சேசிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் எழுதியிருக்கும். இன்ஜினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி அதையும் மாற்றி எழுத வேண்டும். மகன் என்னிடம் சொன்னார்: "ஃபாதர், அந்த நம்பரை எங்கப்பா ஒரு நோட்டில் தன் கையால் எழுதி வெச்சிருக்காருங்க. அதை அடிச்சுட்டு வேற நம்பர் எழுத எனக்குக் கை வரலைங்க." மூன்றாவது யோசனை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. கெட்டி எண்ணெய் ஊற்றி, ஒழுக்கை அடைக்கிற மாவைப் போட்டு, எப்படியாவது கிளப்பி, தெரியாத ஆளிடம் விற்றுவிடு என்பது. அது சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை.

சரி, திறந்து பார்த்தார்கள். அன்று நானும் போயிருந்தேன். முதலில் எண்ணெயை வடித்தார் பாய். கறுப்பு எண்ணெய் வரவில்லை, பால் கலந்த தேநீர் போல நுரைத்து வந்தது. தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் வெந்து கிழிந்ததால், தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. அந்தக் கலவைக்கு வழுக்கும் சக்தி கிடையாது. கிராங்க் சுழலும் இடத்தில் பேரிங்கின் மெல்லிய பூச்சு தேய்ந்து செம்பு பல்லிளித்தது. இரண்டு பிஸ்டன்கள் சிலிண்டர் சுவரைக் கீறி வைத்திருந்தன. இது எல்லாம் தொப்பூரில் நடந்தது. ஆனால் பாய் அதோடு விடவில்லை. பிளாக்கின் பக்கத்தில் இருந்த அடைப்புத் தகடுகளைக் கழற்றி, தண்ணீர் ஓடும் வழிக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறினார். உள்ளிருந்து கைநிறைய வெள்ளைப் பாறை உதிர்ந்தது. வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே உப்பு. பல வருடங்களாக ரேடியேட்டரில் கொல்லைப்புறத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய தோல். பத்து, பதினைந்து வருடத்தில் தண்ணீர் போகிற வழியே பாதியாகச் சுருங்கிவிட்டது. கணவாய் ஏற்றம் அதை வெளிக்காட்டியது, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அளவு. அந்தப் பட்டறையில் அழகான பொருள் எதுவும் இல்லை, அளவுகோல்களைத் தவிர. அவற்றை மட்டும் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருக்கிறார். அங்கே பேசும் மொழி தௌ. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு தௌ. நம் தலைமுடி ஒன்றின் பருமனே ஏறக்குறைய மூன்று தௌ வரும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்க ஒன்றிரண்டு தௌ இடைவெளி வேண்டும். குறைந்தால் இறுகும், கூடினால் தட்டும். பாய் ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்தார். குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்தார். வட்டமாக இருக்க வேண்டியது வட்டமாக இல்லை என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். யாரையும் திட்டவில்லை. இதை எப்படி இப்படிக் கெடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்களை மட்டும் எழுதினார்.

தேய்ந்த சிலிண்டரை எப்படிச் சரிசெய்கிறார்கள் தெரியுமா? தேய்ந்த இடத்தில் இரும்பைத் தடவி நிரப்ப முடியாது. மாறாக, இன்னும் கொஞ்சம் கடைந்து எடுக்கிறார்கள். போர் அடிப்பது என்று அதற்குப் பெயர். அந்த இன்ஜினின் சிலிண்டர் பிறக்கும்போது ஏறக்குறைய 73 மில்லிமீட்டர் விட்டம். கீறல் மறையும் வரை, வட்டம் திரும்பும் வரை, இருபது தௌ கூடுதலாகக் கடைந்தார்கள். பிறகு அந்தப் புது அளவுக்கு ஏற்ற பெரிய பிஸ்டனை வாங்கிப் போட வேண்டும். அந்தப் பிஸ்டனின் தலையில் அதன் கூடுதல் அளவு முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். இனி அந்த இன்ஜின் உள்ளவரை, திறந்து பார்க்கிற எவருக்கும் தெரியும், இது ஒரு முறை அடிபட்டு எழுந்தது என்று. இப்படிக் கடைவதற்கும் ஓர் எல்லை உண்டு. சுவர் மிகவும் மெலிந்துவிட்டால், உள்ளே ஒரு ஸ்லீவைச் சொருகி மீண்டும் முதல் அளவுக்குக் கொண்டுவருவார்கள். எப்படியானாலும் ஒன்றுமே நடக்காதது போல ஆக்குகிற வேலை எதுவும் அந்தப் பட்டறையில் கிடையாது.

இறைவாக்கினர் எரேமியாவின் நூல் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அவரைக் குயவர் வீட்டுக்குப் போகச் சொல்கிறார். சக்கரத்தில் இருந்த பாண்டம் கெட்டுப்போகிறது. குயவர் அதே மண்ணைப் பிசைந்து வேறொரு பாண்டம் செய்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் மண் ஈரமாக இருக்கும்வரைதான் அது நடக்கும். நம்மில் பலர் சுட்டு இறுகிய பிறகுதான் கெட்டுப்போகிறோம். ஐம்பது வயதில், அறுபது வயதில். நம்மைப் பிசைந்து புதிதாக வனைய முடியாது. அதனால் அந்தக் குயவர் வீட்டோடு இந்தச் சங்ககிரிப் பட்டறையையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் மறைந்துவிடவில்லை. தோமா கை நீட்டித் தொட்டுப் பார்க்கும்படி அவை அப்படியே இருந்தன.

கடைந்து முடித்த சிலிண்டர் கண்ணாடி போலப் பளபளத்தது. இதுதான் வேலையின் முடிவு என்று நான் நினைத்தேன். பாய் அதற்குள் ஹோனிங் கல்லை விட்டு, ஏற்றி இறக்கி, அந்தப் பளபளப்பு முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். "வழவழன்னு இருந்தா எண்ணெய் நிக்காது சாமி. இந்தக் கோட்டுலதான் எண்ணெய் தங்கும்" என்றார். இதை நான் எங்கும் கொண்டுபோய்ப் பொருத்தப் போவதில்லை. கேட்ட கணத்தில் பிடித்துப்போனது, உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

உதிரி பாகங்கள் கிடைக்கத்தான் மாதங்கள் ஓடின. இதிலும் ஒரு வேடிக்கை. அம்பாசிடருக்கும் இதற்கும் ஒரே இன்ஜின் என்பதால் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் சேலத்திலேயே தேடிப்பிடித்துவிட்டார்கள். கான்டெஸாவுக்கு என்றே உரிய சின்னச் சின்ன சாமான்களுக்குத்தான் சென்னை புதுப்பேட்டை வரை அலைந்தார்கள். நாம் கேலி செய்த அந்தப் பழைய இன்ஜின்தான் கடைசியில் வண்டியைக் காப்பாற்றியது. 50 வருடம் ஆன வண்டிகளுக்கு அரசு 2021இல் தனி விதிமுறை கொண்டுவந்தது, பாரம்பரிய வாகனம் என்று மரியாதையோடு பதிவு செய்துகொள்ளலாம். 1984இல் பிறந்த கான்டெஸாவுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. அதுவரை அது வெறும் பழைய கார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். நம் ஊரில் அறுபதைத் தொடப்போகும் சிலருக்கு இந்த நிலைமை புரியும்.

இன்ஜினை மீண்டும் பூட்டிய வாரம், பாய்க்கு நோன்பு மாதம். நமக்குத் தவக்காலம். அந்த வெயிலில், பட்டறைத் தகரக் கூரையின் கீழே, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தார். தலைப்பகுதியின் நட்டுகளை அவர் ஓரத்திலிருந்து முறுக்கவில்லை. நடுவில் ஆரம்பித்து, இங்கே ஒன்று, எதிரே ஒன்று என்று வெளிப்பக்கமாக வந்தார். ஒரே மூச்சில் முழு இறுக்கம் கொடுக்கவும் இல்லை. முதல் சுற்று லேசாக, இரண்டாவது சுற்று கொஞ்சம் அதிகமாக, மூன்றாவது சுற்றில்தான் முழு அளவு. அவசரப்பட்டு ஒரு மூலையை இறுக்கினால் தலை கோணிவிடும், கேஸ்கட் மறுபடி அங்கேயே கிழியும் என்றார். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. மகன் பானெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நற்செய்தியில் விருந்து நடப்பது இந்த இடத்தில்தான். மேளம், ஆட்டம், கொழுத்த கன்று. ஆனால் லூக்கா ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். விருந்து முடிந்த மறுநாள் காலை என்ன நடந்தது? அந்த இளைய மகன் எழுந்து வந்து எங்கே உட்கார்ந்தான்? வயலுக்குப் போகச் சொன்னார்களா, வீட்டிலேயே இருக்கச் சொன்னார்களா? மூத்தவன் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசினானா?

புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு அந்த மறுநாள் காலைதான் மிகவும் ஆபத்தான நேரம். ரன்னிங்-இன் என்பார்கள். புது ரிங்கும் புதிதாகக் கீறிய சுவரும் ஒன்றுக்கொன்று படிய வேண்டும். பாய் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "முதல் ஐந்நூறு கிலோமீட்டர் விரட்டாதீங்க. ஆள் நெறைய ஏத்தாதீங்க. மலை வேண்டாம். அதுக்காகப் பொத்திப் பொத்தியும் வெக்காதீங்க தம்பி. வாசல்ல நிறுத்தி சும்மா உறுமவிட்டா ரிங் படியாது, சுவரு மினுங்கிப்போயிடும், அப்புறம் ஆயுசுக்கும் எண்ணெய் குடிக்கும். ஓட்டணும். அளவா ஓட்டணும். கொஞ்சம் ஏத்தி, கொஞ்சம் எறக்கி."

ஏறக்குறைய அதே நாள்களில் நம் பங்கில் இன்னொருவரும் வீடு திரும்பினார். குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு நாற்பது நாள் கழித்து வந்தார். அவருடைய அனுமதியும் எனக்கு உண்டு. வந்த முதல் ஞாயிறு வீட்டில் கறிச்சோறு. திங்கட்கிழமை காலை மைத்துனர் கடன் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை மகளின் கல்லூரிக் கட்டணம். புதன்கிழமை அண்ணன் வந்து, நாற்பது நாள் உட்கார்ந்து சாப்பிட்டாயே என்று ஆரம்பித்தார். எல்லாம் நியாயமான கணக்குகள்தான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நான்கே நாளில் குடும்பத்தையே வண்டியில் ஏற்றித் தொப்பூர் கணவாயில் விட்டுவிட்டார்கள். அவருடைய அம்மா செய்ததோ இதற்கு நேர் எதிர். எங்கே டாஸ்மாக் பக்கம் போய்விடுவானோ என்று பயந்து, கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கக்கூட மகனை விடவில்லை. பால் வாங்கப் பேரனை அனுப்பினார். மகனைத் திண்ணையில் உட்காரவைத்து, காப்பி கொண்டுவந்து கொடுத்து, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் என்னிடம் வந்து சொன்னார்: "சாமி, அண்ணன் பேச்சைக்கூடத் தாங்கிக்குவேங்க. எங்கம்மா பார்வையைத் தாங்க முடியலைங்க."

நான் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியபோது வேதத்திலிருந்து ஒரு வரியும் எடுக்கவில்லை. பாய் சொன்னதைத்தான் சொன்னேன். மைத்துனர் லாரி டிரைவர். எத்தனையோ இன்ஜின் பார்த்தவர். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடன் பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போட்டார் என்று சொன்னால் கதை இன்னும் அழகாக இருக்கும். கிழிக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். கடன் கடன்தானே. அம்மாவுக்குத்தான் நேரம் எடுத்தது. இப்போது காலையில் ஒரு வேளை பால் வாங்க மகனை அனுப்புகிறார். அவர் திரும்பி வரும்வரை வாசலில்தான் நிற்கிறார், ஆனால் அனுப்புகிறார்.

கான்டெஸாவில் இன்றைய தேதிக்கு 340 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐந்நூறு ஆனதும் மறுபடி சங்ககிரிக்கு வரச் சொல்லியிருக்கிறார் பாய். அங்கே தலைப்பகுதியின் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பார், சூட்டில் கேஸ்கட் கொஞ்சம் அமுங்கியிருக்குமாம். பழைய எண்ணெயை ஒரு தட்டில் வடித்து, வெயிலில் பிடித்து, அதில் என்ன மின்னுகிறது என்று பார்ப்பார். கொஞ்சம் மின்னினால் பயப்பட வேண்டாம், படியும்போது அப்படித்தான் உதிரும் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறார். காரின் சொந்தக்காரர் பூசை முடிந்ததும் அந்த மனிதரைக் கூப்பிட்டு, அன்றைக்குத் துணைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். அவரும் சிகிச்சை மையத்துக்கு மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய வாரம்தான் அது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறார்கள். நங்கவள்ளி, ஜலகண்டாபுரம், எடப்பாடி வழியாக, மலை இல்லாத பாதையில். ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் இப்போதே வாங்கி டிக்கியில் வைத்தாகிவிட்டது.